குவாசார்கள் வானில் சிதறிக் கிடக்கின்றனவா, கூடிக் கிடக்கின்றனவா?

கேள்வி: உப்புவெளி ஆசிரியை

அன்பின் வானியல் நண்பர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கின்றேன். மாலையில் கூடும் எங்கள் வானியல் கழகத்தில் சென்ற வாரம் குவாசார்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பேரடையின் நடுவிலுள்ள பெருங்கருந்துளையை நோக்கி வாயு சுழன்று விழுகையில், விழுமுன்னரே கடுமையாகச் சூடேறி, அந்தப் பேரடையின் விண்மீன்கள் அனைத்தும் சேர்ந்து தரும் ஒளியையும் மிஞ்சி ஒளிர்வதுதான் குவாசார் என்பதுவரை மாணவர்களுக்குத் தடை ஏதும் இருக்கவில்லை. ஸ்லோன் வான் அளவீட்டின் குவாசார் வரைபடம் ஒன்றை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிய பிறகுதான் கேள்விகள் கிளம்பின.

அந்தப் படத்தில் நாம் நடுப்புள்ளியில் இருக்கின்றோம். நம்மைச் சுற்றி ஏறத்தாழ வெறுமை. தொலைவு கூடக்கூடப் புள்ளிகள் பெருகுகின்றன; மிகத் தொலைவில் மீண்டும் அருகிவிடுகின்றன. போதாததற்கு, எல்லாப் புள்ளிகளும் எதிரெதிரே விரித்த இரண்டு விசிறிகளுக்குள் அடங்கியிருக்க, விசிறிகளுக்கு இடையே ஒன்றுமே இல்லை. "அப்படியென்றால் நாங்கள் பிரபஞ்சத்தின் நடுவிலா இருக்கின்றோம், ரீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இன்னொருவன், பேரடைகள் வலைபோலப் பின்னிக் கிடப்பதாகப் படித்தோமே, குவாசார்களும் அப்படிக் கூட்டம் கூட்டமாக இருக்கின்றனவா அல்லது தூவிய மணல்போல் இருக்கின்றனவா என்று கேட்டான்.

அன்றிரவு வீடு திரும்பும் வழியில் கடற்கரையில் சற்று நேரம் நின்றேன். கணவாய் பிடிக்கப் போன படகுகளின் விளக்குகள் அடிவானத்தில் வரிசையாகத் தெரிந்தன. ஓரிடத்தில் ஏழெட்டு நெருங்கியும் வேறோரிடத்தில் ஒன்றுகூட இல்லாமலும் இருந்தன. நெருங்கித் தெரிந்தவற்றுள் ஒன்று கரைக்கு அண்மையிலும் மற்றது ஆழ்கடலிலும் நிற்கக்கூடும். கரையில் நிற்பவருக்கு அது தெரியாது. குவாசார்களின் விடயத்தில் வானியலாளர்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கின்றார்கள்? அவை கூடியிருக்கின்றன என்று சொன்னால், எதைக்கொண்டு சொல்கின்றார்கள்? அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

பதில் 1: கொட்டியாரக் குடா

ஆசிரியை அவர்களுக்கு, நான் நில அளவைத் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். வானம் பார்ப்பது முப்பது ஆண்டுப் பழக்கம். வரைபடத்தின் வடிவத்தைப் பற்றி மட்டும் எழுதுகின்றேன். எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும், அதில் உள்ள வெறுமை நிலத்தின் வெறுமையா, அளக்கப் போகாத வெறுமையா என்பதை முதலில் கேட்டுப் பழகியவன் நான்.

விசிறிகளுக்கு இடையிலுள்ள வெறுமை அளக்காத வெறுமை. பால்வீதியின் தளத்தில் தூசி அடர்ந்திருப்பதால் அதன் ஊடாகத் தொலைதூரக் குவாசார்களைக் காண்பது மிகக் கடினம். ஆகவே அளவீடுகள் அந்தப் பட்டியைத் தவிர்த்து மேலும் கீழும் பார்க்கின்றன. அதற்கப்பால் குவாசார்கள் இல்லை என்பது அதன் பொருள் ஆகாது.

அண்மையில் குறைவாக இருப்பது வேறு கதை. அது உண்மையான குறைவு. தொலைவில் பார்ப்பது என்றால் பழங்காலத்தைப் பார்ப்பது என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். 1963 இல் மார்ட்டன் சிமித் என்ற வானியலாளர், கன்னி ராசியிலுள்ள 3சி 273 என்ற பொருளின் நிறமாலையில் ஐதரசனின் கோடுகள் 16 சதவீதம் நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்திருப்பதைக் கண்டார். விண்மீன் என்று எண்ணப்பட்ட ஒரு புள்ளி பேரடைகளுக்கு அப்பால் இருப்பது அன்று தெரியவந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கில் தேடியபோது, மிக ஒளிமிக்க குவாசார்கள் இன்றைக்கு 10 அல்லது 11 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் மிகப் பெருகியிருந்தன என்பது புலப்பட்டது. அக்காலத்தில் அவற்றின் அடர்த்தி இன்று உள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேல். அப்போது பேரடைகளில் வாயு மிகுந்திருந்தது. கருந்துளைகளுக்கு இரை தாராளமாகக் கிடைத்தது. பின்னர் இரை குறைந்தது, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தக் காலத்துக்கும் முந்திய தொலைவில் மீண்டும் அருகுவதற்குக் காரணம், கருந்துளைகள் அவ்வளவு பருக்க அதுவரை போதிய நேரம் கிடைக்கவில்லை என்பது; மங்கலானவை நம் கருவிகளுக்கு எட்டாமற் போவதும் அதோடு சேரும்.

ஆகவே நாம் நடுவில் இருப்பது இடத்தின் நடுவில் அன்று. எந்தப் பேரடையில் நின்று பார்த்தாலும் பார்ப்பவர் தம்மைச் சுற்றி இதே வளையங்களைக் காண்பார்; ஏனெனில் வளையம் என்பது காலம். நிலைத்த பிரபஞ்சம் என்ற பழைய கொள்கை, பிரபஞ்சம் எக்காலத்திலும் ஒரே தோற்றம் கொண்டது என்று சொன்னது. குவாசார்களின் இந்த ஏற்ற இறக்கம் அதற்குப் பலத்த அடியாக அமைந்தது.

கூட்டம் கூடுவதைப் பற்றிச் சாம்பல்தீவுத் தங்கைதான் எழுத வேண்டும். அவர் அதையே படித்தவர்.

பதில் 2: சாம்பல்தீவு

ஐயாவின் அழைப்புக்கு நன்றி. ஆசிரியையின் படகு விளக்குகளையே பிடித்துக்கொண்டு எழுதுகின்றேன், ஏனென்றால் இந்தத் துறையின் முக்கியமான கருத்து ஒன்று அவற்றுக்குள் இருக்கின்றது.

முதலில், ஆழம். ஒவ்வொரு குவாசாரின் நிறமாலையையும் தனித்தனியே பதிவு செய்து, கோடுகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்தால் தொலைவு கிடைக்கும்; பிரபஞ்சம் விரிவதால் தொலைவு கூடக்கூட நகர்வும் கூடும். இந்த நகர்வைத்தான் செந்நகர்வு என்கின்றோம். சொல்ல எளிது, செய்வது பாடு. ஸ்லோன் அளவீட்டில் வானின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அலுமினியத் தட்டுச் செய்தார்கள். அந்தத் துண்டில் பார்க்க வேண்டிய ஒவ்வொரு பொருளும் விழும் இடத்தில் ஒரு துளை. ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழை. தொடக்கத்தில் தட்டுக்கு 640 இழைகள், பின்னர் 1000. பகலில் ஆட்கள் அமர்ந்து கையாலேயே இழைகளைச் செருகுவார்கள். இரவில் அந்தத் தட்டைத் தொலைகாட்டியில் பூட்டுவார்கள். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில், 1997 முதல் 2002 வரை நடந்த அளவீட்டில், 400 இழைகளை ஓர் இயந்திரக் கை இடம்பார்த்து வைத்தது. 23,000 க்கும் மேற்பட்ட குவாசார்களின் தொலைவு அதில் கிடைத்தது. 2020 இல் வெளியான ஸ்லோன் பட்டியலில் ஏறத்தாழ 7,50,000 குவாசார்கள் உள்ளன. இப்போது அமெரிக்காவின் கிட் சிகரத்திலுள்ள கருவியில் 5000 சிறு இயந்திரங்கள் இழைகளை நிமிடக் கணக்கில் தாமே நகர்த்துகின்றன.

இனி, கூடியிருக்கின்றன என்பதை எப்படிச் சொல்வது? கண்ணால் படத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. சோடிகளை எண்ணுவார்கள். உண்மையான வரைபடத்தில் ஒரு குறித்த இடைவெளியில் எத்தனை சோடிக் குவாசார்கள் உள்ளன என்று எண்ணுவார்கள். பிறகு, அதே விசிறி வடிவமும் அதே வெற்றிடங்களும் தொலைவுக்கேற்ப அதே பெருக்கமும் அருகலும் கொண்ட, ஆனால் எழுமாறாகத் தூவிய புள்ளிகளால் ஆன பொய்ப்படம் ஒன்றைக் கணினியில் செய்து, அதிலும் அதே இடைவெளியில் எண்ணுவார்கள். உண்மைப் படத்தில் சோடிகள் எவ்வளவு மிகுதியோ அதுவே கூடுதலின் அளவு. ஐயா சொன்ன "அளக்காத வெறுமை" இந்த ஒப்பீட்டில் தானாகவே கழிந்துவிடும்.

விடை என்னவென்றால், ஆம், கூடுகின்றன. ஆஸ்திரேலிய அளவீட்டின்படி, ஒரு குவாசாரிலிருந்து ஏறத்தாழ 25 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் இன்னொன்றைக் காணும் நிகழ்தகவு, எழுமாறான நிலையில் இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. அதைவிட அண்மையில் இன்னும் மிகுதி. விலகிச் செல்லச் செல்ல அந்த மிகுதி தேய்ந்துவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவாசார்கள் மிக அரியவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சராசரி இடைவெளி நூறு மில்லியன் ஒளியாண்டுகளுக்கும் மேல். எனவே பெரும்பாலான குவாசார்களுக்கு 25 மில்லியன் ஒளியாண்டுக்குள் அயலவரே கிடையாது. பிள்ளைகள் சுவரில் உள்ள படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கூட்டம் தெரியாததற்குக் காரணம் இதுதான். பல்லாயிரம் குவாசார்களின் சோடிகளை எண்ணினால் மட்டுமே அது தலைகாட்டும்.

அளவிடும் கருவியே சோடிகளை மறைக்கும் ஓர் இடமும் உண்டு. ஒளியிழையின் முனையைத் தாங்கும் உறைக்குப் பருமன் இருப்பதால், ஸ்லோனின் ஒரே தட்டில் இரண்டு துளைகள் 55 விகலைக்குள் வரமுடியாது. முழுநிலவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி அது. ஆகவே வானில் மிக நெருங்கித் தெரியும் சோடிகளில் ஒன்று விடுபட்டுப் போகும். நாம் தேடுவதே நெருங்கிய சோடிகளை! அதைத் திருத்தாமல் எண்ணினால், சிறிய இடைவெளிகளில் கூட்டமே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். இதற்கு எதிர்மாறான ஏமாற்றமும் உண்டு: 1979 இல் 6 விகலை இடைவெளியில் கண்டுபிடிக்கப்பட்ட இரட்டைக் குவாசார், உண்மையில் ஒரே குவாசார். இடையிலிருந்த பேரடை ஒன்றின் ஈர்ப்பு ஒளியை வளைத்து இரண்டாகக் காட்டியது.

இப்போது படகுக்கு வருகின்றேன். ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே நாம் அறியும் இருட்பொருள் பிரபஞ்சமெங்கும் திரள் திரளாகக் குவிந்திருக்கின்றது. பேரடைகள் அந்தத் திரள்களுக்குள் இருக்கின்றன. திணிவு மிகுந்த திரள்கள் தங்களுக்குள் மிகுதியாகக் கூடும். நம் நாட்டு மலைகளை எண்ணிப் பாருங்கள். சிறு குன்றுகள் நாடெங்கும் உண்டு, கன்னியாவைச் சுற்றியும் உண்டு. ஆனால் 2,300 மீற்றரைத் தாண்டும் சிகரங்களான பிதுருதலாகல, கிரிகல்பொத்த, தொட்டுபொலகந்த எல்லாமே நுவரெலியா மாவட்டத்தில்தான் நிற்கின்றன. நிலமே உயர்ந்திருக்கும் இடத்தில்தான் உச்சிகள் எல்லை தாண்டுகின்றன. திரள்களும் அப்படியே. எனவே குவாசார்கள் எவ்வளவு கூடுகின்றன என்று அளந்தால், அவை எவ்வளவு திணிவுள்ள திரள்களில் குடியிருக்கின்றன என்பதை அறியலாம். விடை, சூரியனின் திணிவைப்போல் சில லட்சம் கோடி மடங்கு. நமது பால்வீதியின் திரளைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். வியப்பு என்னவென்றால், ஆஸ்திரேலிய அளவீடு ஆராய்ந்த நெடிய காலப்பகுதி முழுவதும் இந்தத் திணிவு பெரிதாக மாறவில்லை.

அத்தகைய திரள்கள் எத்தனை இருக்க வேண்டும் என்பதைக் கோட்பாடு சொல்லும். குவாசார்கள் எத்தனை என்பது எண்ணியே தெரியும். குவாசார்கள் மிகக் குறைவு. கடலில் நூறு படகுகள் உண்டு, ஆனால் எந்நேரம் பார்த்தாலும் ஒரு விளக்கே எரிகின்றது என்றால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? ஒவ்வொரு படகும் இரவில் நூறில் ஒரு பங்கு நேரமே விளக்கேற்றுகின்றது என்றுதானே? அதே கணக்கின்படி, ஒரு பெருங்கருந்துளை குவாசாராக ஒளிரும் காலம் சில மில்லியன் ஆண்டுகளிலிருந்து சில நூறு மில்லியன் ஆண்டுகளுக்குள் அடங்கும். பிரபஞ்சத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டுகள். எந்த மனிதரும் ஒரு குவாசார் பிறந்து அணைவதைப் பார்த்திருக்க முடியாது. ஆயினும் அவை எப்படிக் கூடி நிற்கின்றன என்பதிலிருந்து அவற்றின் ஆயுளைச் சொல்லிவிடுகின்றோம். இதைவிட அழகான நியாயம் வானியலில் எனக்குத் தெரிந்து சிலவே.

2007 இல் வெளியான ஸ்லோன் ஆய்வு ஒன்று 11.5 பில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய குவாசார்களைத் தனியே எடுத்துப் பார்த்தது. அங்கே நான் மேலே சொன்ன 25 மில்லியன் என்பது ஏறத்தாழ 70 மில்லியனாகிவிட்டது. இளம் பிரபஞ்சத்தில் குவாசார்கள் மிக அரிய, மிக உயர்ந்த சிகரங்களில் மட்டும் எரிந்தன என்பதே அதன் பொருள்.

பதில் 3: நிலாவெளி மாணவன்

வணக்கம் அக்கா. நான் ரீச்சரின் கழகத்தில் இருக்கின்றேன். 73 குவாசார்கள் சேர்ந்து 4 பில்லியன் ஒளியாண்டு நீளமான ஒரு கூட்டமாக இருக்கின்றன என்று வாசித்தேன். நீங்கள் 25 மில்லியன் என்கின்றீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

பதில் 4: சாம்பல்தீவு

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ரோஜர் குளோவ்ஸ் என்பவரும் உடனிருந்தோரும் சிம்ம ராசித் திசையில் அந்தக் கூட்டத்தைக் கண்டதாக 2013 இல் அறிவித்தார்கள். ஒரு குவாசாரிலிருந்து குறித்த தூரத்துக்குள் இன்னொன்று இருந்தால் இரண்டையும் இணைப்பது, அதிலிருந்து அடுத்ததை இணைப்பது, இப்படிச் சங்கிலியாகப் போகும் முறையால் அது கிடைத்தது. அதே ஆண்டில் சேஷாத்ரி நடாதூர் என்ற ஆய்வாளர் அதே முறையை முற்றிலும் எழுமாறாகத் தூவிய புள்ளிகளின்மீது செலுத்திப் பார்த்தார். அங்கும் அதே பருமனான "கூட்டங்கள்" கிடைத்தன. எனவே அது பிரபஞ்சம் கட்டிய கட்டடம் என்று நான் ஏற்கமாட்டேன். எல்லோரும் இணங்குகின்றார்கள் என்றும் சொல்லமாட்டேன்.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு கறுப்புத் துணியில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் கீறி, நூறு அரிசி மணிகளை உயரத்திலிருந்து பரவலாகத் தூவுங்கள். கட்டத்துக்கு ஒன்றாக விழும் என்று மனம் எதிர்பார்க்கும். கணக்கின்படி ஏறத்தாழ 37 கட்டங்கள் வெறுமையாக இருக்கும். 18 கட்டங்களில் இரண்டிரண்டும் ஆறில் மும்மூன்றும் கிடக்கும். வெறுமையும் கூட்டமும் எழுமாற்றின் இயல்பு.

பெரிய அளவில் உண்மையாகவே பதிந்துள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரபஞ்சம் பிறந்து முதல் சில லட்சம் ஆண்டுகளில் அதன் ஊடாகப் பரவிய ஒலியலைகள், உறைந்துபோன தடம் ஒன்றை விட்டுச் சென்றன: இன்றைய அளவில் ஏறத்தாழ 490 மில்லியன் ஒளியாண்டு இடைவெளியில் சோடிகள் சற்றே மிகுதி. 2017 இல் 1,47,000 குவாசார்களின் சோடிகளை எண்ணி அந்தத் தடத்தைக் குவாசார்களிலும் கண்டார்கள். அந்த இடைவெளியை ஓர் அளவுகோலாக வைத்துத்தான் பிரபஞ்சம் விரிந்த வரலாற்றை அளக்கின்றார்கள்.

என்னை உறங்கவிடாமல் செய்வது வேறொன்று. நமது சூரியக் குடும்பம் செக்கனுக்கு ஏறத்தாழ 370 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றது. பிரபஞ்சத்தின் இளமைக் காலத்திலிருந்து எஞ்சி எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு அதைக் காட்டுகின்றது. மழையில் சைக்கிள் ஓட்டுபவரின் முகத்தில் துளிகள் கூடுதலாக விழுவதுபோல, நாம் போகும் திசையில் குவாசார்கள் சற்று மிகுதியாகத் தெரிய வேண்டும். 2021 இல் வெளியான ஆய்வு ஒன்று, அகச்சிவப்பு விண்கலம் ஒன்றின் தரவிலிருந்து 1.36 மில்லியன் குவாசார்களை எடுத்து எண்ணியது. எதிர்பார்த்த திசைக்கு அண்மையில்தான் மிகுதி வந்தது. ஆனால் அளவு, இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பட்டியலில் ஒளிந்திருக்கும் பிழையா, பெரிய அளவில் பிரபஞ்சம் எத்திசையிலும் ஒரே தன்மையானது என்ற நமது அடிப்படைக்கே இடைஞ்சலா என்பது இன்னும் தீரவில்லை. உங்கள் வயதுப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் முடித்து வரும்போதும் இதில் வேலை இருக்கும்.

பதில் 5: உப்புவெளி ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வகுப்பறைத் தரையில் கறுப்புத் துணியை விரித்து அரிசியைத் தூவினோம். முதல்முறை 35 கட்டங்கள் வெறுமை. இரண்டு கட்டங்களில் நான்கு நான்கு மணிகள். தூவி முடித்த உடனேயே ஒரு மாணவி மூலையில் கிடந்த வளைந்த வரிசை ஒன்றைக் காட்டி, "இது ஒரு சங்கிலி" என்றாள். துணியை உதறி மீண்டும் தூவினோம். வேறோர் இடத்தில் வேறொரு சங்கிலி. மூன்றாவது முறை தூவும்போது அவளே சிரித்துக்கொண்டு சங்கிலியைத் தேடத் தொடங்கிவிட்டாள். பிறகு சோடிகளை எண்ணும் வேலையைக் கொடுத்தேன். இரண்டு அங்குலத்துக்குள் விழுந்த சோடிகளை மூன்று முறையும் எண்ணி, முடிவுகளைக் கரும்பலகையில் எழுதினார்கள். சங்கிலிகள் ஒவ்வொரு முறையும் மாறின, சோடிகளின் எண்ணிக்கை அதிகம் அசையவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கின்றது. இவ்வளவு பேசிய பிறகு, ஒரேயொரு குவாசாரையாவது தங்கள் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்கின்றார்கள்.

பதில் 6: கொட்டியாரக் குடா

முடியும், அதற்கு நம் ஊர் நல்ல இடம். 3சி 273 வான நடுக்கோட்டுக்கு இரண்டு பாகை வடக்கே இருக்கின்றது. திருகோணமலை எட்டரைப் பாகையில் இருப்பதால் அது நம் தலையுச்சியிலிருந்து ஏழு பாகைக்குள் கடந்து செல்லும். மார்ச் மாத இறுதியில் நள்ளிரவுக்கு அது உச்சியில் நிற்கும். வாடை மழையும் ஓய்ந்திருக்கும். அதன் ஒளித்தரம் ஏறத்தாழ 12.9. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிட ஐந்நூறு மடங்குக்கும் மேல் மங்கல் என்பதால் தொலைகாட்டி கட்டாயம் வேண்டும். என்னிடமுள்ள எட்டு அங்குலத் தொலைகாட்டியில் இரண்டு முறை பார்த்திருக்கின்றேன். அயலிலுள்ள விண்மீன்களிலிருந்து எவ்வகையிலும் வேறுபடாத ஒரு சிறு புள்ளிதான். ஆனால் அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 2 பில்லியன் ஆண்டுகள் ஆகின்றன என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நகர வெளிச்சம் எட்டாத இடமாகக் குச்சவெளிப் பக்கம் ஒரு வெளி எனக்குத் தெரியும். அமாவாசையை ஒட்டிய வெள்ளிக்கிழமை பெற்றோரின் சம்மதத்தோடு அழைத்து வாருங்கள். சுற்றியுள்ள விண்மீன்களின் படத்தை நான் பெரிதாக அச்சிட்டு வருகின்றேன். கைவிளக்குகளுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளட்டும். ஆளுக்கொரு பாயும் கொண்டுவரச் சொல்லுங்கள். முறை வரும்வரை நெடுநேரம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், கழுத்து நோகும்.